மாமியாருக்குத் திரை கட்டிய கதை

1

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன். "சொந்த மாமியார் சாப்பிட்டதையும் சாப்பிடாததையும் ஊருக்குச் சொல்கிற மருமகன் எங்கேயாவது உண்டா?" என்று மனசு கேட்கும். மூடி வைத்துவிடுவேன். நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். கதை கட்டத் தெரியாது. நடந்ததைச் சொல்லத்தான் தெரியும்.

எழுத வைத்தது, போன மாதம் நம் ஊரில் நடந்த ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்:

"ஏம்பா, திருப்பதியில நீ உன் மாமியார் மூஞ்சியப் பாக்க சகிக்காம நடுவுல துணி கட்டி வெச்சிருந்தியாமே?"

எதிர் வரிசைக்காரர் விடவில்லை. "துணி இன்னா துணி? சுவரு. மேஸ்திரி வெச்சுக் கட்டினானாம்."

"அது கூடப் பரவால்ல," என்றார் மூன்றாவது ஆள். "மூக்குல பைப்பு சொருவி பிரியாணி ஊத்தினாங்களாம்பா!"

பெருமாளே! புரட்டாசி மாதம் எங்கள் வீட்டில் முட்டைக்குக்கூட இடம் கிடையாது. அந்த இடத்தில் நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பந்தி முடிந்திருக்காது, அடுத்த பந்திக்காரர்கள் என்னை இலையோடு தூக்கிப் போட்டிருப்பார்கள். அதனால் இப்போது, உட்கார்ந்து, நிதானமாகச் சொல்கிறேன்.

2

நாங்கள் இருப்பது துபாயிலோ சிங்கப்பூரிலோ இல்லை, திருப்பதியில். செய்யாறு பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம். ஆனாலும் வெளிநாடு வெளிநாடுதான். எல்லையைத் தாண்டியதும் பஸ் போர்டு புரியாது. எழுத்து எல்லாம் உருண்டை உருண்டையாக, யாரோ ஜிலேபி பிழிந்து வைத்த மாதிரி இருக்கும். இத்தனை வருடம் ஆகியும் நான் கடையில் தெலுங்கில் கேட்டால் அவர்கள் தமிழில்தான் பதில் சொல்கிறார்கள். என் தெலுங்கு அவ்வளவு அழகு.

நான் ஒரு லாட்ஜில் இரவு வேலை பார்க்கிறேன். என் மனைவி கஸ்தூரி ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் பகல் ஷிப்ட். விடிவதற்கு முன் கம்பெனி பஸ் வந்துவிடும். நான் உள்ளே வரும்போது அவள் வெளியே போவாள். எங்கள் குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் கதவருகில்தான். மகள் லாவண்யா தெலுங்குப் பள்ளியில் படிக்கிறாள். என்னை நைனா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை இப்போது 'நானா' என்கிறது. தமிழில் பெயரை எழுதச் சொன்னால், கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல யோசித்து யோசித்து வைக்கிறது. திட்டுவதற்கு மட்டும் தமிழை வைத்திருக்கிறது. அதுவாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் மாமியார் பெயர் பச்சையம்மாள். உங்களுக்குத் தெரியும். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னோடு நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபம் ஒன்றும் இல்லை, மரியாதை. மாப்பிள்ளை எதிரே மாமியார் நிற்கக்கூடாது, உட்காரக்கூடாது, பேசக்கூடாது. சாப்பிடுவது என்றால் அதைவிட மோசம். நான் அவர் வீட்டுக்குப் போய்க் கூடத்தில் இருந்தால் அவர் சமையற்கட்டில் கதவுக்குப் பின்னால் இருப்பார். அங்கிருந்து கஸ்தூரியிடம், "மாப்ளைக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தச் சொல்லு" என்பார். கஸ்தூரி ஊரில் இல்லாவிட்டால் பசுமாட்டிடம் சொல்வார். "மாப்ளை வந்துக்கிறாரு, தண்ணி வெக்கணும்" என்று மாட்டைப் பார்த்துச் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். மாடு தலையாட்டியது.

அவர் முகத்தை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை. புடவைத் தலைப்பும் ஒரு மூக்குத்தியும் தெரியும், அவ்வளவுதான்.

3

சில வருடங்களுக்கு முன் புரட்டாசியில் பெருமாளைச் சேவிக்க மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். மலைக்குப் போய் நல்ல தரிசனம். வரிசையில் என்னோடு பேசாமலேயே என்னைத் தொலைக்காமல் வந்தது ஒரு சாமர்த்தியம். மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். உயிர் தப்பியது பெருமாள் புண்ணியம். வலது கை போயிற்று, பேச்சு போயிற்று, விழுங்குவதும் போயிற்று. ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும் என்றார் டாக்டர். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு டியூப் விட்டு, மூக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து விமலா சிஸ்டர் வந்தார். நாகலாபுரத்துக்காரர், நம்ம பேச்சு.

"அண்ணே, இது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. நல்லா சாய்ச்சி உக்கார வெக்கணும். படுக்க வெச்சு ஊத்தவே கூடாது. மொதல்ல கொஞ்சம் உறிஞ்சிப் பாத்து, வயித்துத் தண்ணி வருதான்னு பாரு. அப்பறம் சிரிஞ்சுல பின்னாடி இருக்கிறத உருவிட்டு, டியூப்ல மாட்டி, ஒசரத் தூக்கிப் புடி. கஞ்சி தன்னால எறங்கும். தள்ளாத! முன்ன கொஞ்சம் தண்ணி, பின்ன கொஞ்சம் தண்ணி. கஞ்சிய ரெண்டு தபா வடிகட்டு. மொகத்தப் பாத்துக்கினே ஊத்து. இருமினா நிறுத்திடு."

"பிரசாதம்?" என்றேன். வருகிறவர்கள் எல்லோரும் லட்டும் துளசித் தீர்த்தமும் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.

"லட்டக் கரைச்சு ஊத்தி அடைச்சி வெச்சீன்னா, நான் வந்து பெருமாளக் கூப்ட முடியாது, உன்னத்தான் கூப்டுவேன். கண்ணுல ஒத்தி வை, போதும்."

அன்றிலிருந்து பிரசாதம் மாமியார் கண்ணுக்கு, லட்டு என் வாய்க்கு.

சாயந்திரத்துக்கு மேல் கஸ்தூரி ஊட்டிவிடுவாள், காலையிலிருந்து பகல் முழுக்க நான்தான் ஊட்ட வேண்டும். நான் அன்றே சுவாமி படத்துக்கு முன்னால் ஒரு விரதம் எடுத்தேன். லாட்ஜிலிருந்து வந்ததும் குளித்து, நாமம் இட்டு, மாமியாருக்கு ஊட்டிய பிறகுதான் நான் பல்லில் தண்ணீர் படவிடுவது. பெற்ற தாய்க்குச் செய்வதுபோலச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். எதிர் வீட்டு ரமணம்மாவிடம் தினமும் இதைச் சத்தமாகச் சொல்வேன். "இன்னும் பச்சத் தண்ணி குடிக்கலம்மா. அத்தைக்கு ஊத்திட்டுத்தான்." பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான்.

4

முதல் நாள் நான் கஞ்சியோடு கட்டில் பக்கம் போனேன். மாமியார் என்னைப் பார்த்தார். இடது கையால் புடவைத் தலைப்பைப் பிடித்து முகத்தில் இழுத்தார். மூக்கிலிருந்து டியூப் மட்டும் தலைப்புக்கு வெளியே வந்து நின்றது.

"அத்த, கொஞ்சம் இந்தப் பக்கம்..." என்றேன்.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் சிரிஞ்சை மாட்டினேன், உயர்த்தினேன், கஞ்சியை ஊற்றினேன். அவர் மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கினார். கஞ்சி கீழே இறங்கவில்லை. மேலே ஏறியது! ஏறி, குமிழி விட்டு, சிரிஞ்சு வாயால் வழிந்து, என் நாமத்தில் இருந்து நாபி வரை கேழ்வரகு.

சாயந்திரம் கஸ்தூரி வந்து ஊட்டினாள். மழைத்தண்ணீர் போல இறங்கியது.

மறுநாளும் அதேதான். அடுத்த நாளும் அதேதான். கஞ்சியை இன்னும் தண்ணீராக்கினேன். மோர் ஊற்றிப் பார்த்தேன். பருப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எது ஊற்றினாலும் என் கையிலிருந்து போனால் திரும்பி வந்தது. விமலா சிஸ்டர் வந்து டியூபைச் சோதித்துவிட்டு, "டியூப் நல்லாத்தாண்ணே இருக்குது. உன் கைதான் இன்னாவோ" என்று போய்விட்டார்.

டாக்டரிடம் காட்டினோம். எடை குறைந்துகொண்டே வருகிறது, அடுத்த தடவையும் குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்றார். சேர்க்க எங்களிடம் இருந்தது தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை. இங்கே செல்லாது. இங்கத்திய அட்டை வேண்டுமானால் ஆதாரில் இங்கத்திய முகவரி வேண்டும். அதற்கு அவரே வந்து விரல் வைக்க வேண்டும். ஆதார் சென்டருக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். அந்த விரல்களை மிஷின் எடுத்துக்கொள்ளவில்லை. காலம் பூராவும் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கித் தேய்ந்த விரல். போட்டோவாவது எடுக்கலாம் என்றால், அங்கிருந்த பையன், "மூக்குல உள்ள டியூப்ப எடுத்துட்டு வாங்க, மொகம் கிளியரா காவாலி, தெரியணும்" என்றான். கஸ்தூரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். சரி, இப்படியே எடுக்கிறேன் என்று கேமராவைத் திருப்பினான். கேமராவுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். மாமியார் சடக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். போட்டோவில் ஒரு காதும் கொண்டையும்தான் வந்தன.

ஊரிலிருந்து மச்சான் ஏழுமலை போன் செய்தான்.

"மாமா, ஆவலன்னா சொல்லிடு. வேன் எடுத்துக்கினு வந்து அம்மாவ கூட்டிக்கினு வந்துர்றேன். நம்ம வூட்ல படுத்துக்கினு கெடக்கட்டும். ஆண்டவன் விட்ட வழி."

ஊரில் டியூப் வழியாக ஊட்ட யாருக்கும் தெரியாது. வேன் வந்தால் என்ன அர்த்தம் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கஸ்தூரி வேலையை விட்டு நின்றால் அவர் பிழைப்பார், நாங்கள் வாடகைக்கு எங்கே போவோம்? அன்றைக்கு அவள் கம்பெனிச் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உன் கையில இன்னா விஷமா வெச்சுக்கினு இருக்குற? என் கையில போறது உன் கையில ஏன் போவல?"

பெருமாளிடம் கேட்கலாம் என்று கோயிலுக்குப் போனேன்.

5

நான் போன நேரம் நைவேத்தியம். மணி அடித்தார்கள். சரக்கென்று திரை விழுந்தது. முன்னால் நின்ற ஒரு அம்மா எட்டிப் பார்க்க, அர்ச்சகர், "சுவாமி அமுது செய்யறார், கொஞ்சம் பொறுங்கோ" என்றார்.

நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உலகத்தையே படைத்தவர். அவரே நம் கண் முன்னால் சாப்பிடுவதில்லை. பச்சையம்மாள் மட்டும் மாப்பிள்ளை முகத்துக்கு நேராகச் சாப்பிட வேண்டுமா? எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. திரை திறப்பதற்குள் கிளம்பி வந்துவிட்டேன். தீர்த்தம்கூட வாங்கவில்லை.

மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் என் மஞ்சள் வேட்டியை எடுத்தேன். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் ஆணிக்குக் கயிறு கட்டினேன். வேட்டியைத் தொங்கவிட்டேன். கட்டிலுக்கு ஓரமாக, தலைமாட்டில் சரியாக விழுந்தது. டியூப் நீளம் கொஞ்சம்தான். கீழே வளைத்து எடுத்தால் எட்டாது. 'கோவிந்தா' என்று சொல்லிக் கத்திரிக்கோலால் நடுவில் ஒரு சின்ன ஓட்டை போட்டேன்.

ஆனால் முகத்தைப் பார்க்காமல் ஊற்றக்கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். ரமணம்மாவைக் கூப்பிட்டேன். பாகாலாவில் பிறந்தவர், பாதித் தமிழ் பாதித் தெலுங்கு.

"அய்யோ, எனக்கு இந்த டியூப்பு, ஊசி எல்லாம் பாத்தா தல திருகுது அண்ணா. நேனு தொட மாட்டேன்பா. உள்ள உக்காந்து மொகம் மட்டும் பாத்துச் சொல்றேன், சரேனா?"

"போதும்மா. இருமினா கத்துங்க."

இப்படி ஆரம்பித்தது. திரைக்கு அந்தப் பக்கம் மாமியாரும் ரமணம்மாவும். இந்தப் பக்கம் கையில் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான். ஓட்டை வழியாக டியூப். "அண்ணா, மெல்லகா... இப்ப ஊத்து... அம்மா கண்ணு மூடிக்கினு நிம்மதியா இருக்குது." மத்தியானக் கஞ்சி ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறங்கியது. நான் வேட்டிக்குக் கும்பிடு போட்டேன்.

பள்ளியிலிருந்து வந்த லாவண்யா கட்டிலையும் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நானா, இது இன்னா டிராமா?" என்றது. தமிழில்தான் கேட்டது. திட்டு என்பதால்.

6

மத்தியானம் இறங்கியது, பிற்பகல் இறங்கியது. காலைக் கஞ்சி மட்டும் அடம் பிடித்தது. பாதி இறங்கும், பாதி ஏறும். திரை இருக்கிறது, ரமணம்மா இருக்கிறார், அதே கஞ்சி, அதே கை. கேழ்வரகு காலையில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ரமணம்மா. காலையில் ராகுகாலம் என்றார் லாட்ஜ் மேனேஜர். டாக்டரிடம் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏழுமலை வேன்காரனிடம் பேசிவிட்டதாகச் சொன்னான்.

அப்படி ஒரு காலை. நான் லாட்ஜிலிருந்து வந்து, குளித்து, நாமம் இட்டு, வழக்கம்போல வாசலில் நின்று, "இன்னும் பச்சத் தண்ணி குடிக்கலம்மா, வாங்க, அத்தைக்கு ஊத்திடலாம்" என்று ரமணம்மாவை அழைத்தேன். அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். நான் தண்ணீர் விட்டு, கஞ்சியை ஊற்றி, சிரிஞ்சை உயர்த்தினேன்.

திரைக்கு உள்ளிருந்து ஒரு சத்தம். வாய்க்குள் துணி அடைத்த மாதிரி ஒரு குரல்.

"அண்ணா! அம்மா மாட்லாடுது!"

"பேசறாங்களா? இன்னா சொல்றாங்க?"

"ஒக்க நிமிஷம்... இன்னாம்மா? ஆ? ஆ..." கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. "அண்ணா, 'மாப்ள துன்னாரா'ன்னு கேக்குது. மாப்ள அன்ட்டே நீங்கதானே?"

பேச்சு போனவருக்குப் பேச்சு வந்திருக்கிறது. வந்த முதல் பேச்சையும் என்னிடம் சொல்லவில்லை, ஆள் வைத்துத்தான் சொல்லியனுப்புகிறார்! நான் சந்தோஷத்தில் திரையைப் பார்த்து, "ரமணம்மா, இன்னும் இல்லன்னு சொல்லுங்க. அவங்களுக்கு ஊத்தின பிறகுதான் துன்றதுன்னு விரதம்னு சொல்லுங்க" என்றேன்.

"துன்லியாம்மா. விரதமாம்."

உள்ளே 'த்ச்' என்று ஒரு சூள் கொட்டும் சத்தம். என் கண் எதிரே சிரிஞ்சில் கஞ்சி விறுவிறுவென்று ஏறியது.

அந்தக் கஞ்சிதான் எனக்குப் பாடம் சொன்னது. மாப்பிள்ளை கண்ணுக்கு மறைந்து சாப்பிடுவது பாதி மரியாதைதான். மாப்பிள்ளை சாப்பிட்ட பிறகு சாப்பிடுவது மீதிப் பாதி. மத்தியானத்துக்கு முன்னால் நான் சாப்பிட்டுவிடுவேன், அதனால் இறங்கியது. காலையில் மட்டும் நான் பட்டினி. அதையும் ஊர் கேட்கச் சொல்லிவிட்டு வந்து ஊற்றியிருக்கிறேன். ஒரு மாமியார் அதை எப்படி வயிற்றுக்குள் விடுவார்?

ரமணம்மா திரையை விலக்கித் தலையை நீட்டினார்.

"இன்னா மனுஷன் நீங்க! அல்லுடு துன்னாம அத்த எப்டி துன்னும்? எங்க ஊர்லயும் இதே வழக்கம்தானே? விரதமாம் விரதம்! ஒக்காருங்க மொதல்ல!"

ஓடிப்போய் ஒரு தட்டு நிறைய உப்புமா கொண்டுவந்தார். திரைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். விரதத்தை மீறுகிறேனே என்று ஒரு கணம் சுவாமி படத்தைப் பார்த்தேன். பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை. அள்ளிப் போட்டேன். தட்டில் விரல் படும் சத்தம் கேட்கவேண்டும் என்று வழித்து வழித்துச் சாப்பிட்டேன். தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தேன். கடைசியில், லாட்ஜில் விருந்தாளிகள் எதிரே அடக்கி அடக்கி வைத்திருந்த ஏப்பத்தை எல்லாம் சேர்த்து ஒன்றாக விட்டேன்.

உள்ளே ஒரு பெருமூச்சு.

எழுந்து சிரிஞ்சைத் தூக்கினேன். கஞ்சி போன வேகத்தில், "அண்ணா, மெல்ல, மெல்ல!" என்று ரமணம்மா கத்தவேண்டியதாயிற்று.

7

அடுத்த தடவை டாக்டர் எடை பார்த்தபோது மாமியாருக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது. எனக்கு நிறைய ஏறியிருந்தது. மாமியாருக்கு ஒவ்வொரு வேளை ஊற்றுமுன்னும் நான் எதையாவது சத்தமாகத் தின்று காட்டவேண்டியிருந்ததே! வேன் வரவில்லை. கஸ்தூரி கம்பெனி பஸ்ஸைத் தவறவிடவில்லை. பையப் பைய விழுங்க வந்தது. முதலில் ஒரு ஸ்பூன் தயிர், அப்புறம் குழைத்த சாதம். ஒருநாள் விமலா சிஸ்டர் டியூபை உருவிவிட்டார். கம்பு ஊன்றி நடக்க வந்ததும் அவர் ஊருக்குக் கிளம்பினார். கிளம்பும்போது கஸ்தூரியிடம் சொன்னார்: "அந்த மஞ்சத் துணியத் தொவச்சி வையி. ஓட்டையத் தெச்சிடாத."

வேட்டி இன்னும் இருக்கிறது. ஓட்டையோடுதான் மலைக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். வரிசையில் சிலர் சிரிக்கிறார்கள். நான் பொருட்படுத்துவதில்லை.

பந்தியில் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்த அன்று, எழுதட்டுமா என்று லாவண்யாவை விட்டு மாமியாரிடம் கேட்கச் சொன்னேன். நான் கூடத்தில், அவர் சமையற்கட்டில் கதவுக்குப் பின்னால். லாவண்யா தன் தமிழில் கேட்டது. உள்ளிருந்து பதில் வந்தது: "எழுதிக்கச் சொல்லு. ஆனா நடந்தது நடந்தபடி எழுதணும்."

ஆகையால் ஊர்க்காரர்களே, உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்லுங்கள். உப்பு புளி சேர்க்காமல் சொல்லுங்கள். சுவர் கிடையாது, வேட்டிதான். பிரியாணி கிடையாது, கேழ்வரகுதான். முகம் பார்க்க சகிக்காமல் கட்டிய திரையும் இல்லை. யார் வீட்டிலாவது மூக்கில் டியூபோடு ஒருவர் படுத்திருந்தால், அவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கஞ்சியை வடிகட்டிவிட்டு, படுத்திருப்பவர் மனசில் என்ன இருக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

என் மாமியாருக்கு யாராவது இதைப் படித்துக் காட்டினால், நடுவில் கட்டாயம் நிறுத்தி ஒன்று கேட்பார். உங்களைப் பார்த்துக் கேட்கமாட்டார், மாட்டைப் பார்த்துத்தான் கேட்பார். நீங்கள் தயவுசெய்து பதில் சொல்லிவிடுங்கள்: மாப்பிள்ளை துன்னுட்டாராம்.